முந்நூற்றுப் பன்னிரண்டு முதுகுகள்

பனியனில் அவள் முகத்தை
முதுகுப்பக்கம்தான் அச்சடிக்க முடியும் என்றார்
சகாயராஜ் சார்.
நெஞ்சுப்பக்கத்தை
உரக்கடையும் ஜவுளிக்கடையும்
முன்பணம் கொடுத்துப் பிடித்துவிட்டன.

ஆடி இரண்டாம் ஞாயிறு.
திருத்துறைப்பூண்டியில் இன்னும் பால் வண்டி வரவில்லை.
முள்ளியாற்றுப் பாலத்தில் கொடி அசைந்ததும்
முந்நூற்றுப் பன்னிரண்டு வாலண்டினா
எனக்கு முன்னால் ஓடினார்கள்.

விண்வெளிக்குப் போனவளின் பெயர் அது.
என் அப்பா வைத்தார், கட்சிக்காரர்.
பள்ளிக்கூடத்தில் சுருங்கி வாலு ஆனது.
பொருத்தமாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் வார்டில்
கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் பதினொரு எட்டு.
கடைசி மாதம் அந்தப் பதினொன்றையும்
அவளைச் சுமந்துகொண்டு நான்தான் நடந்தேன்.
இன்றைக்கும் என் முதுகில் ஒருத்தி இருக்கிறாள்.
திரும்பிப் பார்க்க முடியாது.
கனம் பழகியது.

வேர்வை ஏற ஏற
முன்னால் போகிறவர்களின் பனியன் முதுகோடு ஒட்டியது.
நெற்றியில் ஒரு மடிப்பு,
வாயோரம் இரண்டு.
ஒன்பதில் நின்றுபோன முகம்
ரயில்வே கேட் தாண்டுவதற்குள் முப்பதைத் தொட்டு,
பெட்ரோல் பங்க் வரும்போது
தேன்மொழியின் இப்போதைய சாயலுக்கு வந்துவிட்டது.
தேன்மொழியோ அங்கே பாலத்தடியில்
ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்,
யார் முகத்தையும் நிமிர்ந்து பாராமல்.

நெல் கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பார்க்கிறவன் நான்.
பதினேழுக்கு மேல் காட்டினால்
காயவைத்துக் கொண்டுவா என்று
மூட்டையைத் திருப்பிவிடுவேன்.
அந்தக் கருவியை அன்றைக்கு
யாராவது என் கன்னத்தில் வைத்திருந்தால்
ஒரு வாரம் களத்தில் பரப்பியிருப்பார்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில்
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
எட்டாம் வகுப்புப் பையன்கள்
முடித்துவிட்டு வாழைப்பழம் உரித்தபடி
எதிரே நடந்து வருகிறார்கள்.
எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்,
சைரன் இல்லாமல், நடை வேகத்தில்.
டிரைவர் தலையை நீட்டினார்:
ஏறிக்கிறீங்களாண்ணே?
ஏறியிருக்கேன் தம்பி, போதும்.

பக்கத்து வாய்க்காலில்
அப்போதுதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.
மேட்டூர் திறந்து முப்பத்தைந்து நாளுக்குமேல் ஆயிற்று.
வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு,
சருகு, நுரை, ஒற்றைச் செருப்பு
எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு.
கடைமடைக்கு எதுவும் கடைசியில்தான் வரும்.
கொஞ்ச தூரம் சேர்ந்தே போனோம்.
பிறகு அதுவும் என்னை முந்திவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது
பந்தல் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
சுண்ணாம்புக் கோட்டை மாடு மிதித்திருந்தது.
வசூல்
ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு,
தேன்மொழி இரண்டு தடவை எண்ணிவிட்டாள்.
வார்டு வாசலுக்கு ஆறு பெஞ்சு,
கூட இருப்பவர்களுக்குப் பாய்,
ஒரு வெந்நீர் இயந்திரம்.

வெந்நீர் என் யோசனை.
ராத்திரி இரண்டு மணிக்கு
ஒரு டம்ளர் சுடுதண்ணிக்காக
மூன்று மாடி இறங்கி,
காவலாளியிடம் கெஞ்சி,
டீக்கடை ஷட்டரைத் தட்டி,
திரும்பி ஏறுவதற்குள்
அது ஆறிவிடும்.
அவள் குடித்துவிட்டு, சூடாத்தான்ப்பா இருக்கு, என்பாள்.

ஒரு மாதம் கழித்து
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெக்கானிக் கடையில்
அந்தப் பனியனால்
செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
பிடுங்கத்தான் போனேன்.

மண்ணைத் தொடாதே, பூவைத் தொடாதே,
நாய்க்குட்டி கூடாது, முகமூடியைக் கழற்றாதே,
ஒன்பது மாதம் அவளிடம் நாங்கள் சொன்னது அவ்வளவுதான்.

பையன் துணியை உதறி மடித்தான்.
மூக்கில் கிரீஸ்,
இரண்டு கன்னத்திலும் கிரீஸ்,
பல் தெரியச் சிரிப்பு.

எந்த வண்டி சார்? என்றான்.
ஒன்றுமில்லை என்று
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.
நன்றாக அழுக்காகியிருந்தாள்.